யாக்கோபு கை நனைத்த நாள்

யாக்கோபுவின் இரைப்பை எங்கே இருக்கிறது என்று பாம்பனில் தெரியாதவர்கள் கிடையாது. அது நெஞ்சுக்குள் இருந்தது. நாலு வருடத்துக்கு முன்னால் அவருக்கு உணவுக்குழாயில் புற்றுநோய் வந்தபோது, மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் குழாயை அறுத்தெடுத்துவிட்டு, இரைப்பையை மேலே இழுத்து மிச்சக் குழாயோடு சேர்த்துத் தைத்து அனுப்பியிருந்தார்கள். டாக்டர் ஒரு தாளில் படம் போட்டு விளக்கியதை யாக்கோபுவின் மனைவி மிக்கேலம்மாள் பத்திரமாகக் கொண்டுவந்து, மாதா படத்துக்குப் பின்னால் சொருகி வைத்திருந்தாள். பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டினாள். தாள் கிழிகிற அளவுக்குக் கூட்டம் வந்தது. டீக்கடை மீரா சாகிபு வெகுநேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வயிறு நெஞ்சுக்குப் போயிருச்சு சரி, வயித்துல இப்ப யாரு குடியிருக்கா என்று கேட்டார். யாக்கோபுவுக்கும் அந்தச் சந்தேகம் இருந்துகொண்டுதான் இருந்தது.

ஒரு காலத்தில் அவர் தின்னாத தீனி இல்லை. கோயில் திருவிழா அசன விருந்தில் யாக்கோபு உட்காருகிற வரிசைக்குச் சோறு போடத் தனியாக ஓர் ஆளை நிறுத்துவார்கள். கடலிலிருந்து வந்து இறங்கியதும் ஒரு சட்டிப் பழைய சோற்றை நின்றபடியே காலி பண்ணிவிட்டு, அப்புறம்தான் என்ன குழம்பு என்று கேட்பார். அந்த மனிதருக்கு இப்போது ஒரு வேளைக்கு ஒரு கை சோறு, அதுவும் கூழாகக் குழைந்த சோறு. அதையும் மாடு அசைபோடுகிற மாதிரி மென்று, அரைமணி நேரம் கழித்துத்தான் தண்ணீர் குடிக்க வேண்டும். ஒரு கவளம் கூடிப்போனாலோ, அவசரமாக விழுங்கினாலோ, இனிப்பு எதையாவது வாயில் போட்டாலோ, கால்மணி நேரத்தில் நெஞ்சு படபடவென்று அடித்து, சட்டை பிழிகிற மாதிரி வேர்த்து, கண் இருட்டி, கால் துவண்டு உட்கார்ந்துவிடுவார். சில நாள் வயிற்றாலும் போகும். வீட்டில் அதற்குச் 'சூறை' என்று பேர் வைத்திருந்தார்கள். கடலில் சூறை வந்தால் பாயை இறக்கிவிட்டுக் காத்திருப்பதைப்போல, இதற்கும் சாய்ந்து உட்கார்ந்து காத்திருக்க வேண்டியதுதான். மட்டமாகப் படுக்கவும் கூடாது. படுத்தால் பித்தம் தொண்டைக்கு ஏறிக் கசக்கும். அதனால் இராத்திரியெல்லாம் பழைய வலைகளைக் குவித்து அதன்மேல் சாய்ந்துகொண்டு, கோர்ட்டில் தூங்குகிற ஜட்ஜ் மாதிரி தூங்கினார்.

இவ்வளவையும் அவர் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது ஒன்றுதான். அவருக்குப் பசியே எடுப்பதில்லை. உயிரோடு இருக்க வேண்டுமானால் நாளைக்கு எட்டு வேளை சாப்பிட வேண்டும். அந்த எட்டில் ஒரு வேளையைக்கூட அவர் உடம்பு ஞாபகப்படுத்தாது. யாராவது கூப்பிட வேண்டும்.

கூப்பிடுகிற வேலை மகள் அருள்மேரியுடையது. யாக்கோபு கடலுக்குப் போவது நின்ற பிறகு மிக்கேலம்மாள் மீன்கூடையோடு ரயிலேறி இராமநாதபுரம் சந்தைக்குப் போய்விடுவாள். வீடும் அய்யாவும் மகள் கையில் இருந்தன. அந்த வீட்டில் கடிகாரம் கிடையாது. அருள்மேரி ரயிலை வைத்து நேரம் பார்த்தாள். காலைக் கோயில் மணிக்குக் கேப்பைக்கூழ். மதுரைக்குப் போகிற பாசஞ்சர் பாலத்தில் ஏறும்போது ஊதுமே, அதற்கு அரை இட்லி. அடுத்த வண்டிக்கு முள் எடுத்த காரல் மீனும் ஒரு கை சோறும். இப்படியே விளக்கு வைத்து வெகுநேரம் கழித்து வருகிற கடைசி வண்டிவரைக்கும் போகும். ரயில் ஊதினால் யாக்கோபு எங்கே இருந்தாலும் வாயைத் துடைத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடப்பார். வண்டி தாமதமாகிற நாட்களில் அருள்மேரி தெற்கத்தி ரயில்வேயைத் திட்டுகிற திட்டு ஸ்டேஷன்வரைக்கும் கேட்கும்.

அவளுக்கு இருபத்திரண்டு முடிந்துவிட்டது. வந்த மூன்று சம்பந்தங்களையும் அவளே தட்டிவிட்டாள். ஒருவன் குடிக்கிறான், ஒருவனுக்கு ஊர் தூரம், மூன்றாவது பையனுக்குக் காது பெரிது. யாக்கோபுவுக்கு உண்மை தெரியும். காதுக்காக எந்தப் பெண்ணும் கல்யாணத்தை வேண்டாமென்று சொல்ல மாட்டாள். தன்னுடைய எட்டு வேளை அவள் கழுத்தில் கயிறாகக் கிடக்கிறது என்று நினைக்கும்போதெல்லாம், மென்றுகொண்டிருப்பது அவருக்கு மண்ணாகிப்போகும்.

நாலாவது சம்பந்தத்தை, கோயிலில் சாமியாருக்கு உதவியாக ஜெபம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியார் கொண்டுவந்தார். இராமநாதபுரத்துக்குத் தெற்கே, முத்துப்பேட்டைப் பக்கம் ஒரு கடற்கரை ஊர். சூசைமுத்து என்பவரின் மகன் யேசுதாஸ். சொந்த வள்ளம், குடி கிடையாது, காது அளவானது. அருள்மேரி இந்த முறை சாக்குச் சொல்லவில்லை. நேராகவே பேசினாள்.

"அய்யா, நீங்க ஒரு நாள் நான் இல்லாம வெளியூரு போயி, எட்டு வேளையும் தின்னுட்டு, சூறை வராமத் திரும்பி வாங்க. வந்துட்டா நான் கழுத்த நீட்டுறேன். வரலைன்னா இனிமே இந்த வீட்டுல கல்யாணப் பேச்சு எடுக்கக்கூடாது."

சரியென்று யாக்கோபு ஒப்புக்கொண்டார். மாப்பிள்ளை வீடு பார்க்க அவரும் உபதேசியாரும் போவது, சாட்சி உபதேசியார் என்று முடிவாயிற்று. உபதேசியார் பொய் சொன்னால் நாக்கில் கொப்புளம் போடும் என்று உண்மையாகவே நம்பியவர். அதனால் அருள்மேரிக்கு அவர்மேல் நம்பிக்கை. அதே காரணத்தால் யாக்கோபுவுக்கு அவர்மேல் பயம்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேசப் போகிற வீட்டில், பேச்சு முடிகிறவரை கை நனைக்க மாட்டார்கள். தண்ணீர் குடிக்கலாம், வெற்றிலை போடலாம். அந்த வீட்டுச் சோற்றில் கை வைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அப்புறம் மாப்பிள்ளைக்கு ஒரு கண் இல்லையென்று தெரிந்தால்கூடப் பின்வாங்க முடியாது. அங்கே சாப்பிட முடியாது என்பதால் அருள்மேரி வேளைக்கு ஒன்றாகச் சின்னச் சின்ன ஓலைக் கொட்டான்களில் சாப்பாடு கட்டித் துணிப்பையில் அடுக்கிக் கொடுத்தாள். ஒவ்வொரு கொட்டானும் எந்த வண்டிக்கு என்று நாலு தடவை சொன்னாள். உபதேசியார் அதைப் பூசை மந்திரம் மாதிரி மனப்பாடம் பண்ணிக்கொண்டார்.

ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம் அது. வாடைக்காற்று அடங்கி, கச்சான் இன்னும் எழும்பாத நாட்கள். கடல் எண்ணெய் ஊற்றினதுபோல் கிடந்தது. உபதேசியார் ஒருசந்தி, ராத்திரி ஒரு வேளைதான் சாப்பாடு. காலி வயிற்றோடு, சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் உட்கார்ந்திருந்தார். உச்சிப்புளி தாண்டியதும் யாக்கோபு ஒரு கொட்டானைப் பிரித்து மெல்லத் தொடங்கினார். இராமநாதபுரத்தில் இறங்கி பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது இன்னொன்று. எதிரே நிற்கிற மனிதன் எச்சில் விழுங்குவதைப் பார்த்துக்கொண்டே நாற்பது தடவை மெல்லுவது கஷ்டம்தான். இருந்தாலும் யாக்கோபு மென்றார். இரண்டு வேளை சுத்தமாக முடிந்தது, சூறை இல்லை. இந்தச் சுகத்தில் நூறு வெளியூர் போய் வரலாம் என்று உபதேசியாரிடம் பெருமையடித்துக்கொண்டார்.

சூசைமுத்துவின் வீடு கடலை ஒட்டி, கீற்றுக் கூரையும் வெள்ளையடித்த சுவருமாக இருந்தது. சூசைமுத்து கனத்த ஆள், சத்தமாகப் பேசுகிறவர். அவர் மனைவி ஜோதிமேரி மெலிந்து உயர்ந்து, கதவருகில் நின்றபடியே வந்தவர்களை உச்சி முதல் உள்ளங்கால்வரை எடைபோட்டாள். மாப்பிள்ளையைக் காணோம். வெட்கப்பட்டுக்கொண்டு வள்ளத்துக்கு எண்ணெய் பூசப் போய்விட்டான் என்று சொன்னார்கள்.

வந்தவர்கள் அந்த வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு சொந்தச் சாப்பாட்டைப் பிரித்தால் அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. அதனால் காலாறப் போய் வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கரைப்பக்கம் ஒதுங்கிச் சாப்பிட்டு வருவது என்று உபதேசியார் திட்டம் போட்டிருந்தார். நல்ல திட்டம்தான். ஆனால் சூசைமுத்து பேச ஆரம்பித்துவிட்டார். எந்த மாதம் எந்தப் பாறைப்பாரில் ஊளி மீன் விழும், நைலான் வலை வந்தால் பருத்தி வலை என்னாகும், போன வருடம் ஒரே வலைப்பாட்டில் இவ்வளவு திருக்கை கிடைத்ததே என்று போனது பேச்சு. யாக்கோபு கடலைவிட்டு நாலு வருடம் ஆயிற்று. பாம்பனில் அவரிடம் எல்லோரும் சாப்பாட்டைப் பற்றித்தான் பேசுவார்கள். வலையைப் பற்றி ஒரு மனிதன் கேட்டதும் அவருக்குக் கம்மிப்போன தொண்டையே திறந்துகொண்டது. தான் பார்த்த சுறாவையெல்லாம் அங்கே இறக்கினார். அவ்வளவு சந்தோஷமாக அவர் இருந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

அந்த ஊரில் ரயில் கிடையாது. ஊதல் இல்லை, பாலத்தின் அதிர்ச்சி இல்லை. கூப்பிடுவதற்கு அருள்மேரியும் இல்லை. உபதேசியாரோ எல்லா வண்டியின் பெயரையும் மனப்பாடமாக வைத்துக்கொண்டு, ஏதாவது ஒன்று ஊதட்டும் என்று காத்திருந்தார். வெயில் உச்சிக்கு வந்து கோயிலில் திரிகால மணி அடித்தபோதுதான் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. யாக்கோபுவின் முழங்காலில் இடித்தார். யாக்கோபு எழுந்து, பையை எடுத்துக்கொண்டு, கரைப்பக்கம் ஏறக்குறைய ஓடினார். சூசைமுத்து மனைவியிடம், பெண்ணைப் பெற்றவருக்கு வயிறு சரியில்லை போலிருக்கிறது என்று முணுமுணுத்தார்.

கரையில் ஏற்றி வைத்திருந்த ஒரு வள்ளத்தின் நிழலில் யாக்கோபு உட்கார்ந்தார். கணக்குப் பார்த்தால் ஒரு வேளை தவறியிருந்தது. எட்டு வேளை என்று மகளுக்குக் கொடுத்த வாக்கு. குறைந்தால் உபதேசியார் சொல்லிவிடுவார். ஆகவே யாக்கோபு ஒரு காரியம் செய்தார். விட்டுப்போன வண்டியையும் வந்த வண்டியையும் சேர்த்து இரண்டு கொட்டானையும் அடுத்தடுத்துப் பிரித்து, யாரும் வந்துவிடக் கூடாதே என்று நாலே மெல்லில் விழுங்கினார். முன்பு ஒரு சட்டிச் சோற்றை நின்றபடி முடித்தவருக்கு இது ஒரு சாப்பாடா.

சூறை வந்தது. வேர்த்துக் கொட்டியது, நெஞ்சுக்குள் யாரோ உலக்கை போட்டார்கள். வள்ளத்தைப் பிடித்து எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் மணலில் சரிந்தார்.

வள்ளத்தின் அந்தப் பக்கம் ஓர் இளைஞன் கையில் எண்ணெய்த் துணியோடு ஒளிந்துகொண்டிருந்தான். பெண்ணின் தகப்பன் வருகிறார் என்று வெட்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த யேசுதாஸ்தான். சரிந்த சத்தம் கேட்டுச் சுற்றி ஓடிவந்தான்.

"மாமா, என்ன செய்யுது? படுங்க."

"படுக்கக்கூடாது தம்பி. சாச்சு வையி. கொஞ்ச நேரத்துல போயிரும்."

யேசுதாஸ் வலைகளைச் சுருட்டி முதுகுக்கு அண்டைகொடுத்து அவரைச் சாய்த்து உட்காரவைத்தான். தலைத்துண்டால் விசிறினான். வேறெதுவும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததாலேயோ என்னவோ, வேர்வை அடங்குவதற்குள் யாக்கோபு எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். புற்றுநோய், ஆஸ்பத்திரி, நெஞ்சில் ஏறின இரைப்பை, எட்டு வேளை, மகள் போட்ட நிபந்தனை. சொல்லி முடித்து நிமிர்ந்தால், சூசைமுத்துவும் ஜோதிமேரியும் உபதேசியாரும் பின்னால் நின்றுகொண்டிருந்தார்கள்.

சூசைமுத்துவின் முகம் இறுகிவிட்டது. இதை மறைத்துத்தான் சம்பந்தம் பேச வந்தீர்களா என்று உபதேசியாரிடம் கேட்டார். நீங்கள் கேட்கவில்லை, அதனால் நாங்கள் சொல்லவில்லை, கேட்டிருந்தால் பொய் சொல்லியிருக்க மாட்டேன் என்று உபதேசியார் உண்மையையே சொன்னார். அந்த உண்மை யாருக்கும் உதவவில்லை. காரியம் கெட்டது என்று யாக்கோபுவுக்குப் புரிந்தது. தனக்கு வந்த வியாதிக்காக அல்ல, மகளை இதோடு வீட்டிலேயே பூட்டிவிட்டோமே என்று அவருக்கு அழுகை முட்டியது.

"மறைச்சது தப்புதான்," என்றார். "ஒட்டுற சீக்கு இல்ல மச்சான். ஆனா ஊரு வாயி ஒட்டும். எம்மக என்னைய விட்டு வரமாட்டேங்குறா. நான் செத்தாத்தான் அவளுக்குக் கல்யாணம்னு ஆயிருமோன்னு பயந்துதான் வந்தேன்."

ஜோதிமேரி சேலைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். திரும்பி வரும்போது கையில் ஒரு சின்னக் கிண்ணத்தில் குழைந்த கஞ்சியும், மேலே உதிர்த்த மீனும் இருந்தன. அடுத்த வேளை எப்போது என்று கேட்டாள். பாலம் ஏறுகிற அரிசிக் கூட்ஸுக்கு என்று உபதேசியார் ஒப்பித்தார். அதை யாரும் சட்டை பண்ணவில்லை.

யாக்கோபு வாயை இறுக மூடிக்கொண்டார். அந்த வீட்டுச் சோறு. பேச்சு இன்னும் முடியவில்லை, முடிகிற மாதிரியும் தெரியவில்லை. கை நனைத்துவிட்டால் சூசைமுத்துவை வலுக்கட்டாயமாகச் சம்பந்தியாக்கின மாதிரி ஆகிவிடும். வேண்டாம் தாயி என்று தலையாட்டினார். எங்கள் வீட்டுக் கஞ்சி ஆகாதா என்று ஜோதிமேரிக்குக் கோபம் வந்தது. கிண்ணம் நடுவில் நின்றது.

உபதேசியார் கண்ணை மூடி யோசித்தார். காலி வயிற்றில் அவருக்கு மூளை நன்றாக வேலை செய்யும். சற்றுப் பொறுத்துத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்.

"பூசையில நன்ம வாங்குறதுக்கு முன்னால ஒண்ணும் திங்கப்புடாது. ஆனா மருந்து சாப்புடலாம், மருந்து நோம்ப முறிக்காதுன்னு ரோமாபுரியில இருந்தே சட்டம் வந்துருக்கு. திவ்விய நற்கருணைக்கே அப்படின்னா, சம்மந்தத்துக்கு என்ன? இவுகளுக்கு இது சோறு இல்ல, மருந்து. மருந்து சாப்புட்டா கை நனச்சதாகாது."

அந்தச் சட்டத்தை மறுத்துப் பேசுகிற படிப்பு அங்கே யாருக்கும் இல்லை. சூசைமுத்துகூடத் தலையை ஆட்டினார். யாக்கோபு கிண்ணத்தை வாங்கி, மெதுவாக, நாற்பது தடவை மென்று, மருந்து சாப்பிட்டார். நல்ல கஞ்சி. பூண்டு போட்டிருந்தாள்.

அதற்கப்புறம் நடந்ததை உபதேசியார் பிற்பாடு சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். யேசுதாஸ் துடுப்பு ஒன்றை மணலில் நட்டு, அதன் நிழல் விழுகிற பக்கம் வரிசையாகச் சிப்பி வைத்தான். நிழல் ஒரு சிப்பியைத் தொட்டதும் வீட்டைப் பார்த்து, "ஆத்தா, மருந்து," என்று குரல் கொடுப்பான். முதலில் முட்டை வந்தது. பிறகு கையளவு இடியாப்பம் வந்தது. பிறகு, இது உங்களுக்கு ஒத்துக்கொள்ளுமா பாருங்கள் என்று ஆவியில் அவித்த நகரை மீன். வேளைக்கு ஒரு கைப்பிடிக்கு மேல் அவள் தரவில்லை. இடைப்பட்ட நேரத்தில் சூசைமுத்து பக்கத்தில் வந்து உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து வலையைப் பற்றிப் பேசினார். முதலில் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு பேசினார். மூன்றாவது மருந்துக்குப் பிறகு முகத்தைப் பார்த்துப் பேசினார். ஆனால் சம்பந்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த வீட்டு அடுக்களையில் இருந்ததையெல்லாம் ஓரளவு ருசி பார்த்தாகிவிட்டது. சட்டப்படி யாக்கோபு இன்னும் கை நனைக்கவில்லை. உண்மையிலேயே நனைக்காதவர் உபதேசியார்தான். பூண்டு வாசனையில் அவருக்குக் கண் சொருகியது.

பஸ் ஏறும்போது சூசைமுத்து, பெண் என்ன சொல்கிறாள் என்று கேட்டு எழுதுங்கள், எங்களுக்குத் தடையில்லை என்று பட்டும்படாமலும் சொன்னார். ஜோதிமேரி வழிக்கு ஒரு தூக்கில் கஞ்சி கொடுத்தாள். யேசுதாஸ், மாமா சாய்ந்து உட்கார ஜன்னல் ஓரத்தில் இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு இறங்கிப்போனான்.

பாம்பன் வந்து சேர்ந்தபோது விளக்கு வைத்துக் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. மிக்கேலம்மாள் காலிக் கூடையை இன்னும் இறக்கிக்கூட வைக்கவில்லை. அருள்மேரி வாசலிலேயே நின்றாள். அய்யாவை விட்டுவிட்டு உபதேசியாரைத்தான் கேட்டாள். சூறை வந்ததா?

வந்தது என்று உபதேசியார் சொன்னார். நாக்கைக் காப்பாற்றிக்கொண்டார்.

யாக்கோபு தலையைக் குனிந்துகொண்டார். மிக்கேலம்மாள் கூடையைக் கீழே போட்டாள். அருள்மேரி உதட்டைக் கடித்துக்கொண்டு, அப்ப பேச்சு முடிஞ்சுது என்று உள்ளே திரும்பினாள். அவள் ஜெயித்துவிட்டாள். ஆனால் ஜெயித்தவள் முகம் மாதிரி அது இல்லை.

உபதேசியாருக்கு முழு உண்மையையும் சொல்லாவிட்டால் பாதி உண்மை பொய்யாகிவிடுமோ என்று பயம் பிடித்துக்கொண்டது. அவள் பின்னாலேயே போய், இரண்டு கொட்டானைச் சேர்த்து விழுங்கினதிலிருந்து சிப்பிவரைக்கும் ஒன்று விடாமல் சொன்னார். எத்தனை வேளை சாப்பிட்டார் என்று அவள் கேட்டாள். ரயிலில் குடித்த கஞ்சியோடு சேர்த்து ஒன்பது என்று சொன்னார். கடைசி ஐந்தும் அந்த வீட்டுக் கஞ்சியும் மீனும், ஆனால் கவலைப்படாதே, அதெல்லாம் மருந்துக் கணக்கு, சம்பந்தத்துக்குக் கட்டுப்படுத்தாது, நீ தாராளமாக வேண்டாமென்று சொல்லலாம் என்றும் விளக்கினார்.

தான் இல்லாமல் அய்யா ஒன்பது வேளை சாப்பிட்டிருக்கிறார் என்பது அருள்மேரிக்கு ஆறுதலாகவும் இருந்தது, பொறாமையாகவும் இருந்தது. யாக்கோபுவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"கஞ்சியில என்ன போட்டிருந்தாக?"

"பூண்டு."

"ஒத்துக்கிருச்சா?"

"ஒத்துக்கிருச்சு தாயி."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உபதேசியாரை நிமிர்ந்து பார்த்தாள்.

"நாலு வருசமா எட்டு வேளையும் இந்த அடுப்புல நான் ஆக்கிப் போட்டது மருந்து இல்ல, உபதேசியாரே. சோறு. எங்கய்யா ஒண்ணும் சீக்காளி இல்ல, கொஞ்சங்கொஞ்சமாச் சாப்புடுறவரு. அங்கனயும் அவரு சாப்புட்டது சோறுதான். சோறு தின்ன வீட்டுக்கு எப்பிடி இல்லன்னு சொல்றது?"